லாய் புன்-ஹொங் மட்டும்தான்

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, வழக்கறிஞரம்மா. ஆனால் தொண்டைக்கு இது ஆகாது. தொண்டைக்கு என்றால் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்த தண்ணீர்தான். முப்பது வருடம் அதைக் குடித்தே இந்தக் குரலைக் காப்பாற்றி வைத்திருந்தேன். நீங்களும் நீதிமன்றத்தில் பேசுகிறவர், குடித்துப் பாருங்கள்.

இந்த ஊரில் என்னைக் கிம் அக்கா என்றால்தான் தெரியும். தேர்தல் வந்தால் கட்சியின் பிரசார வண்டியில் பேசுகிறவள் நான்தான். கூரையில் நான்கு குழாய் ஒலிபெருக்கி, பின் இருக்கையில் நான். நான் வாயைத் திறந்தால் குளத்துப் பால்கெண்டைகள் கரையோரம் வந்து வரிசைகட்டி நிற்கும். எதிர்க்கட்சிக்காரன் வீட்டு நாய் வாலை ஆட்டும். பத்து வருடமாகப் படுக்கையில் கிடந்த ஒரு கிழவர் என் குரல் கேட்டு எழுந்து, நடந்தே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டார். கூட்டத்தில் இருபது பேர் இருந்தால் இரண்டாயிரம் பேர் என்பேன். அது பொய் அல்ல, தொழில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பழக்க தோஷத்தில் எங்காவது ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் நீங்களே அடித்துவிடுங்கள்.

வண்டியை ஓட்டியவன் ஆ-ஹொங். முழுப் பெயர் லாய் புன்-ஹொங். ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு மீன்குளம், பாக்குக் கறை ஏறிய பல், யார்மேலும் கோபப்படத் தெரியாத முகம். கால் நூற்றாண்டு எனக்கு வண்டி ஓட்டினான். நான் பேச்சின் நடுவில் இருக்கும்போது பள்ளம் வந்தால் சுற்றிக்கொண்டு போவான், வாக்கியம் உடையக் கூடாது என்று. நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் கையைப் பின்னால் நீட்டிச் சத்தத்தைக் குறைப்பான். எங்கள் இருவருக்கும் நடுவில் வண்டிக் கண்ணாடி ஒன்றுதான். அதில் அவன் கண்கள் மட்டும் எனக்குத் தெரியும். அவனுக்கு என் வாய் மட்டும் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு நகரத் தலைவர் ஆசை வந்தது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. கட்சியின் உட்தேர்தலில் பல் டாக்டர் தியூவும் நின்றார், இவனும் நின்றான். டாக்டர் சிரித்தால் முப்பத்திரண்டு பல்லுக்கு மேல் தெரியும். இவனுக்கு மீன்குளத்துக் கிராமங்கள் மொத்தமும் பின்னால். என்னிடம் வந்து, "அக்கா, எனக்காகப் பேசுங்க" என்று கேட்பான் என்று காத்திருந்தேன். பேரிக்காய்கூட வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் காலை என் வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளிருந்து இருபது வயதுப் பெண்ணின் குரல் ஒன்று அவன் பெயரைப் பாடிக்கொண்டிருந்தது.

"எப்படியிருக்குக்கா? உங்க தொண்டைக்கு இனியாவது ஓய்வு வேணாமா? அந்தப் பொண்ணு அரை மணி நேரத்துல பதிவு பண்ணிக் குடுத்துட்டா. பொத்தானை அமுக்கினா அதுவே பேசுது. தண்ணிகூடக் கேக்கறதில்ல" என்று சிரித்தான்.

"நல்லதுப்பா" என்றேன். அன்று மத்தியானம் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டீர்களே என்று சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

எங்கள் கட்சியில் வேட்பாளர் யார் என்பதைத் தொலைபேசிதான் தீர்மானிக்கும். கருத்துக் கணிப்புக்காரர்கள் சில நாள் மாலையில் வீட்டுத் தொலைபேசிகளுக்கு அழைப்பார்கள். யார் பெயர் அதிகம் வருகிறதோ அவருக்குச் சீட்டு. அந்த நாட்களில் ஊரைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் தொலைபேசியின் ஒயரை இழுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போவார்கள். "வீட்டுலயே இருங்க, போனை எடுங்க, ஒரே பேரைச் சொல்லுங்க" என்று கத்துவதுதான் வண்டிகளுக்கு அப்போது வேலை. "லாய் புன்-ஹொங் மட்டும்தான்" என்று கிராமத்துக் குழந்தைகள் தூக்கத்திலும் சொல்லின.

எனக்கு இன்னொரு குரல் உண்டு. மூக்கால் பேசும், மென்மையான, சம்பளத்துக்குப் பேசும் பெண்ணின் குரல். குளத்துக் கிராமங்களின் எண்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். விரல் போன போக்கில் அழுத்தினால் போதும். உண்மையான கணிப்பு தொடங்குவதற்கு முந்தின மாலை, நான் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக அழைத்தேன். "வணக்கம், கருத்துக் கணிப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் ஆதரவு யாருக்கு?" எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். கடைசியில் நான், "நன்றி, உங்கள் வீட்டுக் கருத்து பதிவாகிவிட்டது, இனி அழைப்பு வராது" என்றேன். அவ்வளவுதான் செய்தேன். ஒருவர் மனத்தையும் மாற்றவில்லை.

வரிசையில் ஆ-ஹொங்கின் எண்ணும் வந்தது. தெரிந்துதான் அழுத்தினேனா, விரல் போன போக்கா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அவனே எடுத்தான். கேள்வியைக் கேட்டேன். பின்னால் குளத்துத் தண்ணீரைக் கடையும் சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"லாய் புன்-ஹொங் மட்டும்தான்" என்றான் பிறகு. "எழுதிக்கோங்க, பொண்ணே. தொண்டையைப் பாத்துக்குங்க."

மரியாதையான மனிதன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் உண்மையான அழைப்புகள் வந்தன. பாதிப் பேர் நிம்மதியாகக் குளத்துக்குப் போய்விட்டார்கள். மணி அடித்து ஓய்ந்தது. வீட்டில் இருந்தவர்களோ இன்னும் மோசம். அவர்கள் நேர்மையானவர்கள். "நாங்க ஒரு தடவை சொல்லியாச்சும்மா. ரெண்டு தடவை சொல்ற கள்ள ஓட்டுக் குடும்பம் இல்ல இது" என்று திட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்களாம். அந்த நேர்மையால் பல் டாக்டர் மயிரிழையில் ஜெயித்தார்.

முடிவு வந்த பிறகு கட்சி இரண்டாகக் கிழிந்தது. போலி அழைப்பு விஷயம் வெளியே வந்ததும் குளத்துக்காரர்கள் டாக்டரைக் குற்றம் சொன்னார்கள், டாக்டர் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கட்சி அலுவலகக் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே கழிப்பறைக்குப் போகலாம் என்ற நிலை. புருஷன் ஒரு கோஷ்டி, பெண்டாட்டி ஒரு கோஷ்டி என்று ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. எதிர்க்கட்சிக்காரர்கள் வெற்றிக்கான பட்டாசை முன்கூட்டியே வாங்கி, நனையாமல் இருக்கப் பாலித்தீனில் சுற்றி வைத்தார்கள். ஆ-ஹொங் சுயேச்சையாக நின்றுவிட்டால் நம் ஓட்டு இரண்டாகும், ஊர் அவர்களுக்குப் போகும். குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

அப்போதுதான் டாக்டரின் வண்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தப் போலி அழைப்புகளைச் செய்ததே ஆ-ஹொங்தான், தோற்றால் ஏமாற்றம் என்று அழுவதற்காக முன்னாலேயே செய்து வைத்தான் என்று. கடைத்தெருவின் ஒரு முனையில் சொல்லத் தொடங்கினேன். மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதை என்னிடமே இரண்டு பேர் நேரில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. நகரக் காவல் தெய்வத்தின் கோயிலில் சேவல் வெட்டிச் சத்தியம் செய்வதாக அறிவித்தான். எங்கள் பக்கம் அதற்குமேல் நீதிமன்றம் கிடையாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் பேர் வந்திருந்தார்கள். சரி, முந்நூறு. மீனைக் கொல்லும்போதே மன்னிப்புக் கேட்கிறவன் அவன். சேவலிடமும் மன்னிப்புக் கேட்டான். ஊதுபத்திப் புகைக்கு நடுவில் நின்று சொன்னான்: "அந்தப் போன்களை நான் செஞ்சிருந்தா, செய்யச் சொல்லியிருந்தா, நிலாத் திருவிழாவுக்குள்ள என் குளத்துத் தண்ணியே என்னைக் கொல்லட்டும்."

வெட்டினான். கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "செஞ்சவனையும் சபிச்சு விடுப்பா. நாக்கு அழுகிச் சாவட்டும்."

"வேணாம்" என்றான் ஆ-ஹொங், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "ஒரு சேவலுக்கு ஒரு சத்தியம் போதும்."

தலையில்லாத சேவல் ஓடி வந்து என் செருப்பின் மேல் விழுந்தது என்று ஊரில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது கொஞ்சம் மிகை. எட்டத்தில்தான் விழுந்தது. ஆனால் என்னைப் பார்த்து விழுந்தது, தலையில்லாத ஒன்று பார்க்க முடியுமானால்.

அதற்குப் பிறகு ஊர் முழுவதும் அவன் உயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தும்மினால் டாக்டர் கோஷ்டி நிமிர்ந்து உட்காரும். நிலாத் திருவிழா தாண்டி உயிரோடு இருந்தால் அவன் யோக்கியன். பிறகு யார் சொன்னாலும் குளத்துக்காரர்கள் டாக்டருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள். அதாவது, திருவிழா கழிந்தால் கட்சி தொலைந்தது. இதை நான் ஒருத்திதான் நிதானமாக யோசித்தேன். மற்றவர்கள் எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுக் கிடந்தார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நல்ல வெயிலில், பை நிறையப் பம்ப்ளிமாஸ் பழங்களை எடுத்துக்கொண்டு அவன் குளத்துக்குப் போனேன். மனைவி சியூ-லான் சந்தைக்குப் போயிருந்தாள். தண்ணீரைக் கடைந்து மீனுக்குக் காற்றூட்டும் சக்கரம் ஒன்றில் பழைய வலை சிக்கி நின்றுபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"சரியான நேரத்துக்கு வந்தீங்கக்கா. மூணாவது சக்கரம் ஷாக் அடிக்குது, ஒயர் எங்கயோ பிஞ்சிருக்கு. சுவிட்சை அணைச்சுட்டேன். நான் இறங்கி வலையை அறுக்கிறேன், நீங்க சுவிட்சுகிட்ட நின்னு யாரும் போட்டுடாம பாத்துக்குங்க."

"நான் இருக்கேன், நீ இறங்கு" என்றேன்.

மார்பளவு தண்ணீரில் நடந்து போனான். நான் சுவிட்சுப் பெட்டியின் பக்கத்தில் நின்றேன். "சுயேச்சையா நிக்கப் போறியாடா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. குனிந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தான். நான் கட்சியை நினைத்துக்கொண்டேன். இரண்டு பூட்டையும், இரண்டு அடுப்பையும், பாலித்தீனில் சுற்றின பட்டாசையும் நினைத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டேன்.

அதிகம் சத்தம் இல்லை. நான்கு சக்கரமும் சுற்றத் தொடங்கின, தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்தது. மூன்றாவது சக்கரத்தைச் சுற்றி மீன்கள் மட்டும் கொஞ்சம் துள்ளின. பம்ப்ளிமாஸ் பையை அவன் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் மேசையில் வைத்துவிட்டு வந்து கரையில் நின்று கூப்பாடு போட்டேன். ஒலிபெருக்கி இல்லாமல் ஐந்து கிராமம் கேட்டது. இதில் மிகை இல்லை. ஐந்து கிராமத்திலிருந்தும் ஆள் வந்தார்கள்.

சுவிட்சை அணைக்க மறந்து இறங்கிவிட்டான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தினால் விளக்கு அணைந்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவன் அவன். யாரும் அதை நினைக்கவில்லை. தெய்வம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பதிலேயே எல்லோருக்கும் வாய் நிறைந்துவிட்டது.

கட்சி சேர்ந்துகொண்டது. பூட்டு இரண்டும் கழன்றன. குளத்துக்காரர்கள் தலைகுனிந்து வந்து டாக்டரோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். டாக்டர் அமோகமாக ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்தில் "வானத்துக்குக் கண் உண்டு" என்று நான்தான் பேசினேன். ஒரு மனிதனால் இத்தனை பேர் சேர்ந்தார்கள் என்றால் அது சாதாரண காரியமா சொல்லுங்கள்.

சியூ-லானுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு என்று சாவுக்கு யாரும் போகவில்லை. சாவுச் சாப்பாட்டுக்கு வாடகைக்குப் பிடித்த மேசைகள் மடித்தபடியே திரும்பிப் போயின. அவன் மீனை ஊர்ச் சந்தையில் எவரும் வாங்கவில்லை. அவள் தினமும் கோயிலுக்குப் போய், பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் தெய்வத்தின் முன் போட்டு, "என் புருஷன் பொய் சொன்னாரா?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே விழும். கோயில் காவலாளி கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று வேறு ஜோடி மாற்றினான். அதிலும் இல்லை என்றுதான் விழுந்தது.

என் வீட்டுத் தொலைபேசி அந்த வருடமே தொல்லை தரத் தொடங்கிவிட்டது. மாலையில், சோறு வேகும் நேரத்தில், கணிப்புக்காரர்கள் அழைக்கிற அதே நேரத்தில் அடிக்கும். எடுத்தால் முதலில் சக்கரச் சத்தம். பிறகு, "லாய் புன்-ஹொங் மட்டும்தான். எழுதிக்கோங்க, பொண்ணே." கோபமே இருக்காது. அதுதான் தாங்க முடியாதது. எழுதிக்கொண்டேன் என்று சொல்லும்வரை வைக்க மாட்டான். ஆள் வைத்து இணைப்பைத் துண்டித்தேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு குரல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. சற்று முன்பு உங்கள் மேசையில் அடித்ததை நீங்கள் எடுக்கவில்லையே. நீங்கள் கேட்கவில்லையென்றால், அது எனக்கு வந்ததுதான்.

ஆனால் அதற்குப் பயந்து இங்கே வரவில்லை. பேய்க்கும் வேலை வேண்டும், அழைத்துவிட்டுப் போகட்டும்.

நேற்று சியூ-லான் என் வீட்டுக்கு வந்தாள். இந்த வருடம் மறுபடி உட்தேர்தல், மறுபடி இரண்டு கோஷ்டி, மறுபடி கதவில் இரண்டு பூட்டு. அவளுக்கு அதெல்லாம் கவலை இல்லை. கையில் ஒரு கூண்டு, அதற்குள் வெள்ளைச் சேவல்.

"அக்கா, நாளைக்குக் கோயில்ல நான் வெட்டறேன். அந்தப் போன்களைச் செஞ்சது யாரோ, அவங்க கதி என்னன்னு தெய்வத்துக்கிட்டக் கேக்கப் போறேன். அவரு கேக்கல. நான் கேப்பேன். ஆனா என் குரல் முன்வரிசைக்கே எட்டாது. நீங்க எனக்காகச் சத்தியத்தைச் சொல்லுங்க."

"நான் எதுக்கு? அந்தப் பதிவு பண்ற பொண்ணு இருக்காளே" என்றேன்.

"அது மனுஷங்களுக்கு. தெய்வத்துக்குக் கேக்கணும்னா கிம் அக்கா குரல்தான் வேணும்னு அவரு சொல்லுவாரு" என்றாள்.

யாருக்காகவும் எதையும் பேசியிருக்கிறேன். அதை மட்டும் என் வாயால் சொல்ல வராது. அதனால் காலையில் எழுந்து, பேரிக்காய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், உங்களிடம் வந்துவிட்டேன். அவள் இந்நேரம் சேவலோடு கோயில் வாசலில் எனக்காகக் காத்திருப்பாள். ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், வெயில் ஏறுகிறது.

நீங்கள் எழுதினதைப் படித்துக் காட்டியது சரியாகவே இருக்கிறது. "கட்சியின் ஒற்றுமைக்காக" என்று போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஒரே ஓர் இடம். அவன் பதில் சொல்லவில்லை என்று சொன்னேன் அல்லவா? சொன்னான். தண்ணீரில் நின்று, நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நிக்கலக்கா. நாளன்னிக்குத் திருவிழா விருந்துல எல்லார் முன்னாடியும் விலகிக்கிறேன்னு சொல்லிடறேன். டாக்டருக்கே போடச் சொல்றேன். வண்டியை நான் ஓட்டறேன், நீங்க பேசுங்க. பொண்ணு குரல்ல பாடற அந்தப் பொட்டியைத் தூக்கிப் போட்டாச்சு, அதுக்கு எங்க மூச்சு வாங்கணும்னே தெரியல."

"என்னடா, திடீர்னு?"

"திடீர்னு இல்ல. போன்ல கேட்டீங்களே, அன்னிக்கே தெரியும். இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னாடி கேட்ட குரலு. மூக்கால பேசினா தெரியாதா எனக்கு?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சியூ-லான்கிட்டகூடச் சொல்லல. நீங்க எதுக்குக்கா அசிங்கப்படணும்?"

சிரித்துவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்தான். சுவிட்சைப் போட்டது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பு என்று எழுதிக்கொள்ள முடியுமா, அம்மா? கட்சிக்காக என்று வருகிற இடத்தில் அப்படி இருந்தால்தான் பொருந்தும்.